பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் நாழிகைகள்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே கோட்டாற்றுக்குச் செல்லும் பெருவழி, பாலராமபுரத்தையும் நெய்யாற்றங்கரையையும் கடந்து, அமரவிளையில் நெய்யாற்றைத் தாண்டி, பாறசாலை வழியாகக் களியக்காவிளையை அடைகிறது. இன்று களியக்காவிளைக்கு இப்பால் கேரளம், அப்பால் தமிழ்நாடு. 1956 நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர் கேட்டு நின்ற நெய்யாற்றங்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆட்சி எல்லை அவ்வாறு அமைந்ததே தவிர, மொழி அந்தக் கோட்டில் வந்து நின்றுவிடவில்லை. பாறசாலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலே வீட்டுக்குள் தமிழும் கடைத்தெருவில் இரு மொழியும் இன்றும் வழங்குகின்றன.

அவ்வூர்களிலிருந்து நாள்தோறும் ரயிலிலும் பஸ்ஸிலும் தலைநகருக்கு வந்து படிக்கும் மாணவர் பலர். வழியிலே போக வர இரண்டு மூன்று மணி நேரம் கழிகிறது. மாலையில் வீடு திரும்பினால் வீட்டு வேலை காத்திருக்கிறது. சிலருக்குக் கடையிலும் வேலை உண்டு. இந்த நிலையில் ஊன்றிப் படிப்பதற்கு நேரம் ஏது என்று அவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதற்கு அறிவுரையாக விடை கூறுவதைக் காட்டிலும், இதே பெருவழியின் வடமுனையில் வாழ்ந்து, தென்முனை வரை உள்ள கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, நாற்பத்திரண்டு வயதிலே மறைந்த ஒருவரின் வரலாற்றைச் சொல்வது பொருந்தும். அவரே மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை.

சுந்தரம் பிள்ளை 1855-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் ஆலப்புழையில் பிறந்தார். தந்தையார் பெருமாள் பிள்ளை. தாயார் மாடத்தி அம்மாள். ஆலப்புழை அந்நாளிலே திருவிதாங்கூரின் பெரிய துறைமுகம். மலையாளம் வழங்கும் அந்த ஊரில், வணிகம் செய்து வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு வீட்டு மொழி ஒன்று, தெருவின் மொழி ஒன்று, பள்ளியின் மொழி மற்றொன்று. எல்லைப்புறத்து மாணவருக்கு இந்த நிலை புதிதன்று. தமிழிலக்கியத்தை நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளையிடம் அவர் கற்றார். பிற்காலத்தில் மறைமலையடிகளுக்கும் ஆசானாக விளங்கியவர் அப்பெரியார். ஆங்கிலக் கல்வி திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் நடந்தது. 1876-இல் பி.ஏ. பட்டம், 1880-இல் தத்துவத்தில் எம்.ஏ. பட்டம். அந்த எம்.ஏ. பட்டத்தை அவர் வேலை பார்த்துக்கொண்டே பெற்றார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

1877-இல் சிவகாமி அம்மாளை மணந்தார். அவ்வாண்டிலேயே திருநெல்வேலி ஆங்கிலத் தமிழ்ப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராகச் சென்றார். இன்று ம.தி.தா. இந்துக் கல்லூரி என விளங்கும் நிலையம் அதுவே. அது கல்லூரியாக உயர்ந்த காலத்தில் அதனை நடத்தியவர் அவர். பள்ளியைக் கல்லூரியாக்கும் வேலை எளிதன்று. ஆசிரியரைத் தேட வேண்டும். பாடத்திட்டம் வகுக்க வேண்டும். தாமும் வகுப்பு எடுக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவிலே கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளை அடுத்துச் சமய நூல்களை முறையாகக் கேட்டார். பின்னாளில் மனோன்மணீயத்தில் வரும் சுந்தர முனிவர் இந்தக் குருவின் நினைவாகப் பிறந்தவர் என்பர்.

திருவனந்தபுரம் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த டாக்டர் ஹார்வி தம் பழைய மாணவரை மறக்கவில்லை. அவருடைய ஆதரவால் 1879-இல் சுந்தரம் பிள்ளை அங்கே தத்துவ ஆசிரியராகத் திரும்பினார். 1882 முதல் மூன்றாண்டுகள் பிறவகைச் சிரஸ்தார் என்னும் அரசாங்கப் பதவி. நிலவரி ஒழிந்த பிற வருவாய்களுக்குக் கணக்குப் பார்க்கும் பொறுப்பு அது. கோப்பும் கணக்கும் மனுவுமாக நாள் கழியும் வேலை. 1885-இல் ஹார்வி விலகியபின் தத்துவப் பேராசிரியர் பதவி அவருக்கே வந்தது. இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். அதே 1885-இல் திருவனந்தபுரத்தில் சைவப் பிரகாச சபையையும் தோற்றுவித்தார். பேரூர்க்கடையில் அமைத்த தம் இல்லத்துக்கு ஆசிரியரின் பெயரால் ஹார்விபுரம் என்று பெயரிட்டார்.

ஆக, இருபத்திரண்டு வயது முதல் இறுதி நாள் வரை அவர் வேலையில் இருந்தவர். குடும்பம் இருந்தது, சபை இருந்தது, வகுப்பு இருந்தது. எழுதுவதற்கென்று எவரும் அவருக்கு மானியம் கொடுத்து உட்கார வைக்கவில்லை. ஆனால் அவர் செய்து முடித்தவற்றைப் பாருங்கள். 1888-இல் நூற்றொகை விளக்கம்: அறிவுத் துறைகள் யாவற்றையும் வகைப்படுத்திக் காட்டும் உரைநடை நூல். 1891-இல் மனோன்மணீயம்: நாலாயிரத்துக்கு மேற்பட்ட அடிகள் கொண்ட செய்யுள் நாடகம். 1894-இல் திருவிதாங்கூரின் பண்டை மன்னர் பற்றிய ஆங்கில ஆராய்ச்சி. 1895-இல் திருஞானசம்பந்தர் காலத்தை ஆராயும் ஆங்கில நூல். இவற்றோடு பத்துப்பாட்டைப் பற்றிய கட்டுரையும், செடிகொடிகளின் இயல்பைத் தமிழில் விளக்கும் சிறு கட்டுரைகளும் உண்டு.

இவ்வளவும் எப்படி முடிந்தன? அவருடைய வேலைகளின் இயல்பைக் கூர்ந்து பார்த்தால் விடை ஓரளவு விளங்கும். அவை எல்லாம் ஒரே அளவான வேலைகள் அல்ல. ஒரு முழுப் பகலைக் கேட்கும் வேலை ஒன்று. இரண்டு மூன்று மணி நேரத்தைக் கேட்கும் வேலை மற்றொன்று. ஒரு நாழிகையிலே, அதாவது இருபத்து நான்கு நிமிடத்திலே, முடித்துவிடக் கூடிய வேலை வேறொன்று. மூன்று வகையும் கைவசம் இருந்ததனால், எந்த அளவு நேரம் கிடைத்தாலும் அதற்கேற்ற பணி ஒன்று காத்திருந்தது.

முதலில் பெரிய அளவை எடுத்துக்கொள்வோம். வேணாட்டு மன்னரின் வரலாற்றை எழுதப் புகுந்தவருக்கு அந்நாளிலே அடிப்படை ஏதும் இல்லை. 1878-இல் சங்குண்ணி மேனோன் எழுதிய திருவிதாங்கூர் வரலாறு இருந்தது. பழங்காலத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் செவிவழிச் செய்திகளை நம்பி நின்றது. சுந்தரம் பிள்ளையோ கல்வெட்டுகளை நாடினார். கோயில் கோயிலாகச் சென்று தேடினார். திருவனந்தபுரத்துக்கு அருகே வெள்ளாயணி, கடினங்குளம் முதல் தெற்கே நாஞ்சில் நாட்டு ஊர்கள் வரை அந்தத் தேடல் விரிந்தது. அந்நாளிலே திருவனந்தபுரத்துக்கு ரயில் கிடையாது. கொல்லத்திலிருந்து முதல் ரயில் வந்தது 1918-இல்தான். நாகர்கோவிலுக்கு இருப்புப்பாதை அமைந்தது 1979-இல். தெற்கே போக வேண்டியவர் நெய்யாற்றங்கரையையும் பாறசாலையையும் மாட்டு வண்டியில் மெல்லக் கடந்துதான் போக வேண்டும். மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் நகரும் வண்டிக்குப் பாறசாலை மட்டுமே ஏழெட்டு மணி நேரத் தொலைவு.

கல்வெட்டைப் படியெடுக்கும் வேலையைத் துண்டு துண்டாகச் செய்ய இயலாது. சுவரிலும் அடித்தளத்திலும் படிந்த சுண்ணாம்பையும் பாசியையும் தேய்த்துக் கழுவ வேண்டும். எழுத்து தெளிவாகத் தெரிய வெயில் சாய்வாக விழும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். பூசை நேரம் குறுக்கிடும். தொடங்கிய வரியை முடிக்காமல் எழுந்தால், திரும்ப வர மற்றொரு விடுமுறை வேண்டும். ஆகவே இத்தகைய பணிக்கு உரியது விடுமுறை நாள் ஒன்றே. அந்த நாளில் வேறு வேலைக்கு இடம் இல்லை.

படி கைக்கு வந்தபின் நிலைமை மாறுகிறது. இனி வேண்டுவது சிறு சிறு நாழிகைகள். வட்டெழுத்தில் தேய்ந்த ஓர் எழுத்து பகரமா வகரமா என்று பார்ப்பது. ஒரு சொல்லின் பொருளைப் பழைய நூலில் தேடுவது. ஓர் ஆண்டைக் கணக்கிடுவது. கொல்லம் ஆண்டு கி.பி. 825-இல் தொடங்குகிறது, ஆகவே மாதத்தைப் பார்த்து 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். சேரநாட்டுக் கல்வெட்டுகள் வியாழன் நின்ற இராசியையும் குறிப்பதுண்டு. ஆண்டும் இராசியும் ஒத்துவருகின்றனவா என்று சரிபார்ப்பது தனிக் கணக்கு. இவை ஒவ்வொன்றும் சிறு பணி. வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே ஒன்றை முடிக்கலாம். முடித்ததைக் குறித்து வைத்துவிட்டால் மறுநாள் அடுத்ததைத் தொடங்கலாம்.

இந்தச் சிறு முடிவுகளைக் கூட்டி வைத்தபோதுதான் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் வேணாட்டை ஆண்ட மன்னர் ஒன்பதின்மரின் பெயரும் காலமும் ஒழுங்கு பெற்றன. கல்குளம் வட்டத்து மணலிக்கரைக் கல்வெட்டை அறிஞர் உலகுக்கு அறிவித்தவரும் அவரே. 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சாசனம், விளைச்சல் பொய்த்த ஆண்டில் குடிகளிடம் வரி தண்டுவதற்கு வரம்பு கட்டுகிறது. மன்னன் பெயரை மட்டும் தேடியவருக்கு அது ஒரு தேதி. ஊன்றிப் படித்தவருக்கு அது உழவனின் வரலாறு.

இடைப்பட்ட அளவுக்கு மனோன்மணீயம் சான்று. லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய இரகசிய வழி என்னும் கதைப்பாட்டைத் தழுவியது அது. ஆனால் கதையின் களம் நம் நாடு. மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டிக் குடியேறிய பாண்டியன் சீவகன். அவனை ஏய்க்கும் அமைச்சன் குடிலன். சீவகன் மகள் மனோன்மணி. சேரநாட்டு மன்னன் புருடோத்தமன். போர் மூளுவது நாஞ்சில் நாட்டு உரிமையைப் பற்றி. எல்லைப் பூசலின் கதை அது என்பதைப் பாறசாலை மாணவர் ஒருகணம் நினைத்துப் பார்க்க வேண்டும். எல்லைகள் மாறிய 1956-க்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னே அச்சான நூல் அது.

அந்த நாடகம் ஐந்து அங்கமும் இருபது களமுமாக அமைந்தது. நாலாயிரம் அடி என்று சேர்த்துச் சொன்னால் மலைப்புத் தட்டுகிறது. ஒரு களத்துக்குச் சராசரி இருநூற்றுச் சொச்சம் அடி என்று பிரித்துப் பார்த்தால் கைக்கு அடங்குகிறது. ஒரு களம் என்பது ஓர் இடம், சில மாந்தர், ஒரு நிகழ்ச்சி. அதை ஓர் இருக்கையில் தொடங்கலாம். சில இருக்கைகளில் முடிக்கலாம். பிறகு அடுத்த களம் வரை வேறு வேலையைப் பார்க்கலாம். செய்யுள் பாதியில் விட்டால் ஓசை அறும். களத்தின் முடிவில் விட்டால் அறாது. நெடிய நூல் எழுதுவோர் வேலையை எங்கே வெட்டுவது என்று அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு இந்த அமைப்பே பாடம்.

அந்நாளிலே இங்கிலாந்தில் ஆந்தனி டிராலப் என்னும் நாவலாசிரியர் இருந்தார். அஞ்சல் துறை அலுவலர். அதிகாலை ஐந்தரை மணிக்கு அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்ற கணக்கில் எழுதி, அதன்பின் அலுவலகத்துக்குப் போவார். நாற்பதுக்கு மேற்பட்ட நாவல்களை இப்படி முடித்தார். வியக்கத்தக்க முறைதான். ஆனால் அவருக்குத் தினமும் அதே அளவு நேரம் உறுதியாகக் கிடைத்தது. வேலையும் ஒரே வகை. பெரும்பாலான நம் மாணவருக்கு இன்று ஒரு மணி கிடைக்கும், நாளை கால் மணி, ஞாயிறன்று அரை நாள். இந்த ஒழுங்கற்ற வாழ்வுக்கு டிராலப்பின் கடிகாரத்தைவிடச் சுந்தரம் பிள்ளையின் வழியே ஏற்றது: நேரத்தின் அளவைப் பார்த்து வேலையைத் தேர்ந்தெடுப்பது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எல்லாவற்றையும் கால் மணித் துண்டுகளாக நறுக்கிவிட முடியாது. திருஞானசம்பந்தர் காலம் பற்றிய ஆராய்ச்சி அதற்கு எடுத்துக்காட்டு. கால்டுவெல் பெருமகனார், கூன் பாண்டியனை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைத்ததனால், அவன் காலத்தவரான சம்பந்தரும் அந்நூற்றாண்டுக்கு இறங்கினார். தேவாரம் ஏறத்தாழ அறுநூறு ஆண்டு இளையதாகிவிட்டது. தமிழிலக்கிய வரலாறே இதனால் சரிந்தது. சுந்தரம் பிள்ளை மறுத்தார். சேக்கிழாருக்கு முன்னவர் நம்பியாண்டார் நம்பி. அவருக்கு முன்னவர் சுந்தரர். அவர் பாடிய அடியார்களுள் ஒருவர் சம்பந்தர். சங்கரரின் பெயரால் வழங்கும் நூலிலும் சம்பந்தரைச் சுட்டுவதாகக் கொள்ளத்தக்க குறிப்பு உள்ளது. ஆதலால் சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவராக இருக்க முடியாது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் படிகட்டி ஏறும் வாதத்தை, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் மனத்தில் வைத்திருந்தாலன்றி எழுத முடியாது. சான்று தேடுவது சிறு நாழிகைகளின் வேலை. சான்றுகளைக் கோத்து முடிவு காண்பது நீண்ட இருக்கையின் வேலை. சிறு நாழிகைகளைத் தேடலுக்குச் செலவிட்டவனுக்கே நீண்ட இருக்கை பயன்படும். இல்லையேல் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் புத்தகத்தைத் தேடுவதிலேயே போய்விடும். பிற்காலக் கல்வெட்டு ஆராய்ச்சி அவர் முடிவை உறுதி செய்தது. இன்று சம்பந்தரை 7-ஆம் நூற்றாண்டில் வைப்பதில் அறிஞரிடையே பெரிய பிணக்கு இல்லை.

1896-இல் அரசாங்கம் அவருக்கு ராவ் பகதூர் பட்டம் அளித்தது. அடுத்த ஆண்டு, 1897 ஏப்ரல் 26-ஆம் நாள், அவர் காலமானார். நோய் நீரிழிவு. அந்நாளிலே அதற்கு மருந்தில்லை. டொரன்டோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921-இல். நாற்பத்திரண்டு வயது நிறைந்து மூன்று வாரமே ஆகியிருந்தது. ஒரே மகன் நடராஜன் கைக்குழந்தைப் பருவம் கடந்த சிறுவன். அந்தச் சிறுவனே பின்னாளில் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் நிதியமைச்சராகவும், 1962-இல் திருவனந்தபுரத்தின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய பி. எஸ். நடராஜ பிள்ளை.

இந்த மரணம் நம் கேள்விக்கு நேரான விடை. பணி ஓய்வு பெற்றபின் அமைதியாக உட்கார்ந்து எழுதலாம் என்று சுந்தரம் பிள்ளை எண்ணியிருந்தால் மனோன்மணீயம் இல்லை. சம்பந்தர் காலம் இல்லை. வேணாட்டு மன்னர் வரலாறு இல்லை. அந்த ஓய்வுக்காலம் அவருக்கு வரவே இல்லை. மனோன்மணீயத்தின் தொடக்கத்தில் உள்ள தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டு அரசு 1970-இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது; 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பாடும் பாட்டு, மலையாள நாட்டிலே பிறந்து, அங்கே பணியாற்றி, கிடைத்த நேரத்தில் எழுதிய ஒருவரின் பாட்டு. நெல்லையில் 1990-இல் தோன்றிய பல்கலைக்கழகமும் அவர் பெயரையே தாங்குகிறது. திருவிதாங்கூரின் தொல்லியல் தொகுதிகள் 1910 முதல் வெளிவந்தபோது, அவற்றுக்கு வழி காட்டி நின்றது அவருடைய சிறிய நூல்.

மாணவ நண்பர்களே, இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரவு பகல் பாராமல் உழைக்க வேண்டும் என்ற பழைய பல்லவி அன்று. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படிப்பது படிப்பும் ஆகாது. ஒவ்வொரு வாரத் தொடக்கத்திலும் ஒரு தாளில் மூன்று வரிசை எழுதுங்கள். ஒரு நாழிகையில் முடியும் வேலைகள் ஒரு வரிசை: பத்துச் சொல்லுக்குப் பொருள் காண்பது, ஒரு கணக்கைச் சரிபார்ப்பது, நேற்றைய குறிப்பைத் திருத்துவது. இரண்டு மணி நேரம் கேட்கும் வேலைகள் அடுத்த வரிசை: ஓர் அதிகாரத்தைப் படித்துச் சுருக்குவது, கட்டுரையின் ஒரு பகுதியை எழுதுவது. அரை நாளும் முழு நாளும் கேட்பவை மூன்றாவது வரிசை: நூலகம் சென்று தேடுவது, முழுக் கட்டுரையையும் ஒருமுறை கோத்துப் பார்ப்பது. ரயிலில் இடம் கிடைத்தால் முதல் வரிசையைப் பாருங்கள். இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு வந்தால், நேற்றுப் படித்ததை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எழும்போது அடுத்த அடி என்ன என்பதை ஒரு வரியில் குறித்துவிட்டு எழுங்கள். மறுமுறை அமரும்போது எங்கே விட்டோம் என்று தேடுவதிலே கால் மணி வீணாகாது.

எல்லைப்புறத்திலே தமிழைக் காக்க வேண்டும் என்று நம் சங்க மேடைகளில் அடிக்கடி பேசப்படுகிறது. பேச்சுக்குக் கூட்டம் வேண்டும். வேலைக்கு ஒருவர் போதும். நெய்யாற்றங்கரை, பாறசாலைப் பக்கத்து ஊர்களின் பழைய பெயர்களும், அங்கே பாட்டிமார் வழங்கும் சொற்களும் பழமொழிகளும் எழுதி வைப்பார் இன்றி நாள்தோறும் குறைகின்றன. ஒரு சொல்லைக் கேட்டு எழுத ஐந்து நிமிடம் போதும். ஓர் ஊரின் சொற்களைத் திரட்ட ஒரு விடுமுறை போதும். அவற்றை ஒழுங்குபடுத்திக் கட்டுரையாக்கச் சில மாலைப்பொழுதுகள் போதும். சுந்தரம் பிள்ளை கல்லைப் படித்ததும் இப்படித்தான். இந்த வாரத்தில் கிடைக்கும் முதல் நாழிகையில் முதற்சொல்லை எழுதுங்கள்.